பின்னால் பிறந்த பாட்டன்மார்


நதிமூலமும் ரிஷிமூலமும் ஆராயலாகாது என்பது நம் முன்னோர் வாக்கு. ஆராயப் புகுந்தால் பெருமை குன்றிவிடலாம் என்ற அச்சமே அதன் உட்பொருள் போலும். ஆனால், மூலத்தை ஆராய்வதை ஒரு கலையாகவும், சில வேளைகளில் ஒரு தொழிலாகவும், இன்னும் சில வேளைகளில் ஒரு மோசடியாகவும் வளர்த்தெடுத்த சமூகம் ஒன்று உண்டு. இடைக்காலப் பிரான்சின் பிரபுக்கள் சமூகமே அது. அவர்களுடைய வம்சாவளிகள் எவ்வாறு எழுந்தன, இலக்கிய வாசகர்களாகிய நாம் அவற்றை எவ்வாறு படிக்கலாம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

வம்சாவளி என்றதும் அது சரித்திர ஆசிரியரின் விவகாரம், இலக்கியத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். பழைய பிரெஞ்சு மொழியிலே 'ஜெஸ்த்' என்றொரு சொல் உண்டு. வீரச்செயல் என்பது அதன் முதற்பொருள். வீரச்செயல்களைப் பாடும் நெடும் பாடல்களுக்கும் அதனாலேயே பெயர் வந்தது. காலப்போக்கில் அதே சொல் குலம், குடிவழி என்ற பொருளையும் ஏற்றது. ஒரு குலம் என்பது அக்குலத்தைப் பற்றிச் சொல்லப்படும் கதைதான் என்ற எண்ணம் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது எனலாம்.

முதலில் ஒரு பிரபுவைச் சந்திப்போம். லுவார் நதிக்கரையை அண்டிய அன்ஜூ நாட்டை ஆண்ட நான்காம் ஃபுல்க் என்பவர் அவர். தாய்மாமனாகிய ஜெஃப்ரி மார்ட்டெல் 1060இல் பிள்ளையின்றி இறக்க, அவருடைய சகோதரி எர்மன்கார்டின் புதல்வர் இருவர் அந்த முதுசத்துக்கு உரித்தாளிகள் ஆயினர். மூத்தவரோடு பொருதி, அவரைச் சிறைபிடித்து, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அடைத்துவைத்து நாட்டைத் தனதாக்கிக் கொண்டவர் இளையவராகிய ஃபுல்க். தாய்வழியாக வந்த உரிமை. அதுவும் தமையனிடமிருந்து பறித்த உரிமை. தன் குலத்தின் கதையை எடுத்துரைக்க இவரைவிட அதிக தேவை யாருக்கு இருந்திருக்கும்?

1096ஆம் ஆண்டில் ஃபுல்க் தன் முன்னோர் வரலாற்றைத் தன் பெயரிலேயே எழுத்தில் வைத்தார். குருமாரும் துறவிகளுமே எழுதுகோல் பிடித்த அக்காலத்தில், உலகியல் வாழ்வில் இருந்த ஒரு பிரபு தன் குலவரலாற்றைத் தானே கூறுவது மிக அரிதான காரியம். தாய்மாமன் தனக்குச் சொன்னவற்றைக் கொண்டே இதைச் சொல்கிறேன் என்கிறார் அவர். அதைவிட வியப்பூட்டுவது இன்னொரு செய்தி. அன்ஜூவை முதலில் ஆண்டவர்களின் பெயர்களைக் கூறிவிட்டு, அவர்களுடைய செயல்களைத் தன்னால் தகுந்த முறையில் எடுத்துரைக்க இயலாது என்று நிறுத்திக்கொள்கிறார். காரணம், அவர்கள் காலத்தால் மிகத் தொலைவில் உள்ளவர்கள். அவர்களின் உடல்கள் எங்கே அடக்கம் செய்யப்பட்டன என்பதுகூடத் தங்களுக்குத் தெரியாது என்கிறார். கல்லறை தெரியாத இடத்தில் கதையும் நின்றுவிடுகிறது.

அடுத்த நூற்றாண்டில் நடந்ததைப் பாருங்கள். அன்ஜூ பிரபுக்களின் வரலாறு துறவிகளாலும் குருமாராலும் மீண்டும் மீண்டும் விரித்தெழுதப்பட்டது. மார்மூட்டியே மடத்துத் துறவியாகிய ஜோன் என்பவர் அதனை மேலும் திருத்தி, இங்கிலாந்தின் அரசர் இரண்டாம் ஹென்றிக்குச் சமர்ப்பித்தார். இந்த ஹென்றி வேறு யாருமல்லர். நமது ஃபுல்க்கின் பூட்டப்பிள்ளையே. பூட்டனுக்குத் தெரியாதிருந்தவை யாவும் பூட்டப்பிள்ளையின் காலத்தில் தெரிந்துவிட்டன! குலமுதல்வராகிய இன்ஜெல்ஜருக்கு டெர்ட்டுல்லஸ் என்று ஒரு தந்தையும், டோர்ட்டுல்ஃப் என்று ஒரு பாட்டனும் கிடைத்துவிட்டனர். பாட்டன் காட்டிலே வேட்டையாடி வாழ்ந்தவராம். மன்னர் அவரை வனக்காவலராக நியமித்தாராம்.

இதைப் பொய் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் இலக்கிய வாசகர் இன்னொரு கேள்வியையும் கேட்கவேண்டும். முன்னோரைப் புனையத் துணிந்தவர்கள் ஒரு சக்கரவர்த்தியின் வாரிசையே புனைந்திருக்கலாமே? வனக்காவலரை ஏன் தேர்ந்தார்கள்? பிறப்பினால் அன்றி வாளின் வலிமையாலும் மன்னர் சேவையாலும் மேலே வந்த குடி என்று சொல்லிக்கொள்வதில் அவர்களுக்கு ஒரு பெருமை இருந்திருக்கிறது. டோர்ட்டுல்ஃப் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் 9ஆம் நூற்றாண்டைப் பற்றி அக்கதை நமக்கு அதிகம் சொல்வதில்லை. அதை எழுதிய 12ஆம் நூற்றாண்டு எதை மதித்தது என்பதை அது தெளிவாகச் சொல்கிறது.

பாடல்களின் நிலையும் இதுவே. வில்லியம் என்ற வீரன் ஒருவனைச் சுற்றி அக்காலத்தில் பல பாடல்கள் எழுந்தன. சார்ளிமேன் சக்கரவர்த்தியின் உறவினராகி, 804இல் ஜெல்லோன் என்ற இடத்தில் துறவிமடம் நிறுவிய ஒரு மெய்யான பிரபுவின் நினைவே அவனுக்கு மூலம். முதலில் பாடப்பட்டவை அவனுடைய போர்கள். அவற்றைச் சுவைத்தவர்கள் மேலும் கேட்கவே, அவனுடைய இளமை பாடப்பட்டது. பின்னர் அவன் தந்தை எமெரிக்குப் பாடல் எழுந்தது. அதற்கும் பின்னர், 13ஆம் நூற்றாண்டில், பூட்டனாகிய கரினுக்கும் தனிப்பாடல் எழுந்தது. ஆக, கதைக்குள் மூத்தவர் பூட்டன். இலக்கியத்தில் மூத்தவன் பூட்டப்பிள்ளை. ஆலமரத்தின் கிளைகளிலிருந்து விழுதுகள் கீழிறங்கி, நிலத்தைத் தொட்டபின் அவையே வேர்களாகத் தோன்றுவதை நாம் கண்டிருக்கிறோம். பிரபுக்களின் குலமரமும் இவ்வாறே வளர்ந்தது.

இந்தக் கதைகளை எழுதியவர்கள் யார்? வட பிரான்சில் கலே நகருக்கு அருகே ஆர்த்ர் என்ற ஊரில் லம்பேர்ட் என்றொரு குருவானவர் இருந்தார். பிரபு போல்ட்வினுடைய மகனின் திருமணம் 1194இல் நடந்தபோது, அம்மகன் மீதிருந்த திருச்சபைத் தண்டனை நீங்கிவிட்டதா என்ற ஐயத்தினால் ஆலய மணியை ஒலிக்கச் செய்வதில் இவர் தயங்கினார். பிரபுவுக்குக் கடுங்கோபம் வந்தது. இழந்த தயவை மீட்டுக்கொள்ளும் பொருட்டே தாம் அக்குடும்பத்தின் வரலாற்றை எழுத முற்பட்டதாக லம்பேர்ட் கூறுகிறார். டேனிஷ் கடலோடி வீரன் ஒருவன் 10ஆம் நூற்றாண்டில் வந்து, பிளாண்டர்ஸ் ஆட்சிக் குடும்பத்துப் பெண் ஒருத்தியைக் காதலித்து, அவளுக்குப் பிறந்த மகனால் அக்குலம் தழைத்தது என்பது அவர் தரும் தொடக்கக் கதை. ஆய்வாளர் அதனைக் கதையாகவே கொள்வர். எனினும் தம் காலத்து மாளிகை வாழ்க்கையை லம்பேர்ட் தீட்டும் பகுதிகள் இன்றும் சரித்திர ஆசிரியர்களுக்குப் பெருஞ்செல்வம். அஞ்சிய ஒருவர் எழுதிய நூல் என்பதை மறவாமல் படித்தால் அதன் சுவை கூடுமேயன்றிக் குறையாது.

முன்னோரை அறிவது வெறும் பெருமைக்காக மட்டும் இருந்ததில்லை. அது திருமணத்துக்கும் சொத்துக்கும் இன்றியமையாத அறிவாக இருந்தது. மாமன் மகளை உரிமைப் பெண் என்று கொள்ளும் நமக்கு அவர்களின் நிலை விசித்திரமாகத் தோன்றும். ஏழு தலைமுறைக்குள் பொது முன்னோர் இருப்பின் மணம் செய்யலாகாது என்று திருச்சபை விதித்திருந்தது. பிரபுக் குடும்பங்கள் தமக்குள்ளேயே கொண்டும் கொடுத்தும் வந்தமையால், இந்த விதியை அப்படியே கைக்கொண்டால் யாரும் யாரையும் மணக்க இயலாது. ஆகவே 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் ஏழை நான்காகக் குறைத்தது.

ஆனால் அதே விதி, வேண்டாத மணத்திலிருந்து விடுபடுவதற்கு ஒரு வாசலாகவும் பயன்பட்டது. பிரான்சின் மன்னர் ஏழாம் லூயிக்கும் அக்கித்தேன் நாட்டு எலினோருக்கும் நடந்த மணம், அவர்கள் நெருங்கிய உறவினர் என்ற காரணத்தால் 1152 மார்ச்சில் செல்லாதென அறிவிக்கப்பட்டது. இரு பெண்பிள்ளைகள் பிறந்த பின்னர், மணமாகிப் பதினைந்து ஆண்டுகள் ஆகும் வேளையில் நினைவுக்கு வந்த உறவு அது! இரண்டு மாதங்களுக்குள் எலினோர் மணந்துகொண்டவரோ முன்சொன்ன ஹென்றி. அவர் லூயியைக் காட்டிலும் எலினோருக்கு நெருங்கிய உறவு. அப்போது அந்த உறவு யாருக்கும் தடையாகத் தோன்றவில்லை. ஒரே குலமரம், தேவைக்கேற்ப ஒரு கிளையில் ஒளி விழும், மறு கிளை இருளில் இருக்கும்.

பெரும்பாலும் இருளில் விடப்பட்டவர்கள் பெண்கள். சொத்து மூத்த மகனுக்கே என்ற வழக்கம் வலுப்பெற, தந்தை, மகன், பேரன் என்று வம்சாவளியும் ஒற்றைக்கோடாகச் சுருங்கியது. இதற்கு மாறான ஒரு குரலைக் கம்பிறே நகரத்துக் குருவானவர் ஒருவரிடம் கேட்கிறோம். 1108இல் பிறந்த வத்ரெலோ ஊர் லம்பேர்ட் அவர். ஆண்டு வரலாறு எழுதும்போது, தான் பிறந்த ஆண்டுக்கு வந்ததும் நின்று, தந்தைவழியினர் தாய்வழியினர் இருபாலாரையும் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார். அவர் முன்னோருள் பத்துச் சகோதரர் ஒரே நாளில் போரில் மடிந்தனராம்; பாணர்கள் அவர்களைப் பற்றி இன்னும் பாடுவதுண்டாம். வாரிசுக்கு விட்டுச்செல்லக் காணியில்லாத குருவானவரால்தான் உறவினர் அனைவரையும் இவ்வாறு நினைக்க முடிந்தது போலும்.

பெண்வழியை மறுத்ததன் விலையை வரலாறு அறியும். 1328இல் பிரெஞ்சு அரசுரிமை வெற்றிடமானபோது, தாய்வழியாக உரிமை கோரிய இங்கிலாந்தின் மூன்றாம் எட்வேட் ஒதுக்கப்பட்டார். தந்தைவழி உறவினரான ஆறாம் பிலிப் முடி சூடினார். 1337இல் தொடங்கிய நூறாண்டுப் போருக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று.

இனி, உண்மையை நாடுபவர் இந்த வழியில் எவ்வாறு நடப்பது? 11ஆம் நூற்றாண்டுக்கு முன்னர் பிரபுக்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது; ஒற்றைப் பெயரே. தாம் வாழும் கோட்டையின் பெயர் சேர்ந்தது பின்னரே. ஆகவே ஆய்வாளர் நாடுவது துறவிமடங்களின் காணி உறுதிகளை. ஆன்ம ஈடேற்றத்துக்காக ஒருவர் நிலம் கொடுக்கும்போது, பின்னாளில் வழக்கு எழாதிருக்க மனைவி, மக்கள், சகோதரர் ஆகியோரின் சம்மதமும் உறுதியில் எழுதப்பட்டது. புகழ்பாடும் நோக்கமற்ற இந்தப் பெயர்ப்பட்டியல்களே மிக நம்பகமான சாட்சிகள். பிரெஞ்சு அரசகுலத்தின் முன்னோராகி 866இல் போரில் இறந்த வலிய றொபேட்டின் தந்தை யார் என்ற கேள்விக்கு, ஜேர்மனியின் லோர்ஷ் மடத்து உறுதிகளில் தலைமுறைதோறும் திரும்பவரும் பெயர்களைக் கொண்டு கார்ல் க்ளொக்னர் என்ற அறிஞர் 1936இல் ஒரு விடை தந்தார். றைன் நதிப் பிரதேசத்துக் குடும்பம் ஒன்று அது. நேரடிச் சான்று இல்லையாயினும், பெயர்களின் சாட்சியம் பலராலும் ஏற்கப்படுகிறது.

உறுதிகளும் பொய் சொல்வதுண்டு. லா தூர் டோவேர்ன் குடும்பத்தார் தாம் பழைய ஓவேர்ன் பிரபுக்களின் நேர் வழித்தோன்றல்கள் என்று காட்ட விரும்பினர். அதற்கேற்ற பழஞ்சுவடிகளும் 'கிடைத்தன'. கள்ள ஆவணத்தைக் கண்டறியும் கலைக்கே 1681இல் இலக்கண நூல் தந்த ழான் மபியோன், பேரறிஞர் எத்தியேன் பலூஸ் ஆகியோர் 1695இல் அவற்றை மெய்யென உறுதிப்படுத்தினர். சுவடிகளைப் புனைந்தவர் பின்னர் பிடிபட்டுத் தண்டனை பெற்றார். எனினும் பலூஸ் 1708இல் வெளியிட்ட குடும்ப வரலாற்றில் அவற்றை விட்டுவிடவில்லை. 1710இல் பதினான்காம் லூயி மன்னர் அந்நூலைத் தடுத்து, எண்பது வயதை நெருங்கிய அந்த அறிஞரைப் பதவி நீக்கிப் பாரிசிலிருந்து வெளியேற்றினார். இறந்துபோன பாட்டன்மாருக்காக உயிரோடிருந்த ஒரு கிழவர் தண்டனை அனுபவித்தார்.

ஆகவே ஒரு வம்சாவளியைக் கையில் எடுக்கும்போது, இவன் யாருடைய மகன் என்ற கேள்வியோடு நில்லாமல், இதனை யார், யாருக்காக, எந்தத் தேவை கருதிச் சொன்னார் என்றும் கேட்போம். அங்கே பேசப்படாத பெண் யார் என்றும் கேட்போம். தமையனைச் சிறையிலிட்ட ஃபுல்க் நல்லவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆயினும் தன் முன்னோரின் கல்லறை எங்கேயென்று தெரியாது என்று எழுதிவைத்தாரே, அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை மதிக்கலாம். அவருக்குப் பின் வந்தவர்களில் பலருக்கு அதைச் சொல்லும் துணிவு இருக்கவில்லை.