எங்கள் வீட்டு விலாசத்தில் இன்னொருவர்

(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் பேசியது. மலர்க் குழுவினர் கேட்டதற்கிணங்க எழுத்தில் தரப்படுகிறது.)



நான் மேடையில் பேசிப் பழகியவன் அல்ல. ஏ9 பாதை பூட்டியிருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஏ.எல். எடுத்தவன், வர்த்தகப் பிரிவு. அதற்கு மேல் படிக்க வசதி வரவில்லை. இங்கே சாப்பாடு கட்டும் பிளாஸ்ரிக் பெட்டிகள் செய்யும் தொழிற்சாலையில் இரவு வேலை. கணக்கியல் படித்தவன் என்று பெயர் எடுத்துவிட்டதால் எங்கள் தெருவில் யாருக்கு அரசாங்கக் கடிதம் வந்தாலும் என்னிடம் கொண்டு வருவார்கள். அப்படிப்பட்ட எனக்கே ஒரு கடிதம் வந்து நித்திரையைக் கெடுத்தது. செயலாளர் அண்ணை அதைக் கேட்டுவிட்டு, "தம்பி, உதைச் சனத்துக்கும் ஒருக்கா சொல்லும்" என்று பிடித்துவிட்டார்.

2021 பெப்ரவரி மாதக் கடைசி. நாங்கள் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்றில் இருந்தோம். மேல்வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே தபால்பெட்டி. நான் வேலை முடிந்து வந்து படுத்திருக்கிறேன், மனைவி கையில் ஒரு தாளோடு வந்து எழுப்பினா. "இஞ்சேருங்கோ, இதென்ன, எனக்கு எட்டாயிரம் டொலர் தந்ததாகப் போட்டிருக்கு?"

வாங்கிப் பார்த்தேன். ரி4ஏ படிவம். கொரோனா காலத்து சேர்ப் காசு 8,000 டொலர் என்று கிடந்தது. விலாசம் எங்கள் விலாசம்தான். பெயர் மனைவியின் பெயர் அல்ல. பாதிப் பெயர் ஒன்றுபோல, மற்றப் பாதி வேறு. ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயர். அவசரத்தில் தன்னுடையது என்று நினைத்து உறையைக் கிழித்துவிட்டா.

சேர்ப் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2020 மார்ச் 15 முதல் ஒக்ரோபர் 3 வரை, வேலை நின்றவர்களுக்கு நாலு கிழமைக்கு 2,000 டொலர். நாடு முழுதும் ஏறக்குறைய 89 இலட்சம் பேர் எடுத்தார்கள். சனம் பட்டினி கிடக்கக்கூடாது என்பதற்காக முதலில் காசைக் கொடுத்தார்கள், விசாரணையைப் பிறகு வைத்தார்கள். நான் அதைக் குறை சொல்லவில்லை. எத்தனை வீட்டில் அந்தக் காசால்தான் வாடகை கட்டினார்கள். ஆனால் கதவு திறந்திருந்தபடியால் கள்ளனும் நுழைந்தான். அந்த வருடம் ஓகஸ்ட் நடுப்பகுதியில், வேறு இடங்களில் திருடிய பாஸ்வேர்ட்களை வைத்துச் சனங்களின் வரிக் கணக்குகளுக்குள் புகுந்து, வங்கி விபரத்தை மாற்றி, அவர்களின் பெயரில் சேர்ப்புக்கு விண்ணப்பித்தார்கள். சி.ஆர்.ஏ. தன் இணையச் சேவையையே சில நாள் மூடி வைத்தது. அடுத்த வருடம் ரி4ஏ தபாலில் வந்தபோதுதான், எடுக்காத காசுக்கு வரி கட்டச் சொல்லி வந்திருக்கிறது என்று பலருக்குத் தெரியவந்தது.

நான் மேல்வீட்டு அண்ணையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அந்தப் பெயரில் ஒருவரும் ஒருநாளும் இந்த வீட்டில் இருக்கவில்லை என்றார். பிறகு, "தம்பி, குப்பைக்குள்ள போடும். உதைப் பற்றி ஒருத்தரோடயும் கதைக்காதேயும்" என்றார். அவருடைய பயம் எனக்கு விளங்கியது. பேஸ்மென்ற் நகரசபைக் கணக்கில் இல்லை. வாடகை கையில் காசு, பற்றுச்சீட்டு இல்லை. அரசாங்கம் விலாசத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் ஒன்பது கேள்வி வரும் என்று நினைத்தார். (பற்றுச்சீட்டு இல்லாதபடியால் எங்களுக்கு வரவேண்டிய ட்ரில்லியம் காசையும் நாங்கள் கேட்காமல் விட்டோம். அது வேறு கதை.)

எனக்கும் பயம்தான். எங்களுக்கு வீட்டுப் பட்டியலில் ஒரு பெயர் கூடினாலும் பயம், குறைந்தாலும் பயம். கொழும்பில் லொட்ஜில் நின்றபோது பொலிஸ் பதிவுத் துண்டில் இல்லாத ஆள் ஒருவர் அறையில் படுத்திருந்தால் எல்லோருக்கும் விசாரணை. அந்தப் பயத்தை விமானத்தில் கூடவே கொண்டுவந்திருக்கிறோம். அப்போது எங்களுடைய குடியுரிமை விண்ணப்பமும் போட்டபடி கிடந்தது.

மனைவியின் மாமா ஒருவர் தொலைபேசியில் சொன்னதுதான் எல்லாவற்றையும் விட என்னை உறுத்தியது. "ஆரோ எங்கட பிள்ளை கஷ்டத்தில எடுத்திருக்கும். நீ ஏன் காட்டிக் குடுக்கப் போறாய்?"

காட்டிக் கொடுக்கிறது. எங்கட சனத்தில் இந்தச் சொல் மற்றச் சொற்களைப் போல இல்லை. அந்தச் சொல்லால் செத்தவர்கள் இருக்கிறார்கள். செய்ததற்காகவும் செத்தார்கள், செய்யாமலேயும் செத்தார்கள். இந்த நாட்டிலும் அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1995 இல் மைக் ஹரிஸ் அரசாங்கம் ஒன்ராறியோவில் வெல்பெயர் காசை 21.6 வீதம் வெட்டியது. தனி ஆளுக்கு 663 டொலராக இருந்தது 520 ஆனது. அதோடு வெல்பெயர் மோசடியைச் சொல்ல ஒரு தொலைபேசி இலக்கமும் திறந்தார்கள். ஒரே விலாசத்தில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் இருந்தால் அவர்களைக் கணவன் மனைவியாகக் கணித்து அந்தப் பெண்ணின் காசை நிற்பாட்டும் விதியையும் கொண்டுவந்தார்கள். 2002 இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் அது சமத்துவ உரிமைக்கு மாறானது என்று தீர்ப்புச் சொன்னது. ஏழு வருடம் பிந்தி. ஒரு வீட்டை மூன்று குடும்பமாகப் பிரித்து இருந்த எங்கட சனத்துக்கு, "உங்கட விலாசத்தில் வேறு யார்?" என்ற கேள்வி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மாமா 1991 இல் வந்தவர். அவர் அப்படிச் சொன்னதில் பிழையில்லை.

இரண்டு நாள் அந்த உறை மேசையில் கிடந்தது. குப்பையில் போடவும் கை வரவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

நான் 2011 இல் வந்து அகதிக் கோரிக்கை கொடுத்தபோது எனக்கென்று ஒரு விலாசம் இல்லை. ஒரு அக்கா, சொந்தமும் இல்லை, ஊர்க்காரியும் இல்லை, "என்ர விலாசத்தைப் போடு தம்பி" என்றா. அந்த விலாசத்தை வைத்துத்தான் வேலை அனுமதி, 9 இல் தொடங்கும் சின் நம்பர், வங்கிக் கணக்கு எல்லாம் எடுத்தேன். பிறகு வேலைக்காக எட்டோபிக்கோ பக்கம் போய் ஒரு அறையில் இருந்தேன். விலாசம் மாறினால் உடனே அகதிச் சபைக்கு எழுத்தில் அறிவிக்கவேணும். நான் அறிவிக்கவில்லை, இளவயதுக் கவனக்குறைவு. விசாரணைக்கு வரச்சொல்லும் கடிதம் அக்கா வீட்டுக்குப் போனது. அதற்குப் போகாவிட்டால் கோரிக்கையைக் கைவிட்டதாகச் சொல்லி மூடிவிடுவார்கள். அக்கா மார்கழிக் குளிரில் இரண்டு பஸ் மாறி வந்து அந்த உறையை என் கையில் தந்தா. பிரிக்காமல், ஒரு மாஜரின் பெட்டிக்குள் நனையாமல் வைத்துக் கொண்டுவந்தா. விக்ரோறியா வீதி 74 ஆம் இலக்கக் கட்டடத்துக்கு நான் குறித்த நாளில் போனேன் என்றால் அது அவவால்தான். அவ இப்போது முன்வரிசையில் இருக்கிறா. பெயர் சொன்னால் ஏசுவா.

அதனால் பிறருடைய கடிதத்தைக் குப்பையில் போட என்னால் முடியாது.

மூன்றாம் நாள் கிழிந்த உறையை ஒட்டினேன். தெரிந்துகொண்டு பிறர் தபாலைத் திறப்பதும் வைத்திருப்பதும் கனடாத் தபால் சட்டப்படி குற்றம். தவறுதலாகத் திறந்தால் ஒட்டி, தவறுதலாகத் திறக்கப்பட்டது என்று எழுதலாம். பெயருக்கு மேலே 'நொட் அற் திஸ் அட்ரெஸ், றிற்றேண் ரு சென்டர்' என்று ஆங்கிலத்தில் எழுதி சிவப்புத் தபால்பெட்டிக்குள் போட்டேன். முத்திரை தேவையில்லை. பிறகு சி.ஆர்.ஏ. தனியாள் விசாரணை இலக்கம் 1-800-959-8281 க்கு எடுத்தேன். "இந்தப் பெயருக்கு உரியவர் இங்கே இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை, இந்த வீட்டில் இருப்பது நாங்கள் மட்டும்." இவ்வளவுதான் சொன்னேன். அவர்கள் அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. எங்கள் கணக்கு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். விலாசம், வங்கி இலக்கம், பிள்ளையின் சைல்ட் பெனிபிற் எல்லாம் சரி. எல்லா இடத்துக்கும் வைத்திருந்த ஒரே பாஸ்வேர்டை மாற்றினேன். திகதியையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் குறித்துவைத்தேன். அந்தக் கொப்பி இப்பவும் இருக்கிறது.

அவள் கள்ளி என்று நான் சொல்லவில்லை. எனக்கு அது தெரியவும் தெரியாது. என் கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறோம் என்று மட்டும் சொன்னேன். காட்டிக் கொடுக்கிறது வேறு, இது வேறு என்று மாமாவுக்கு விளங்கப்படுத்தப் பார்த்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு நடந்ததைக் கேட்டுத்தான் கொஞ்சம் இறங்கினார்.

அந்தக் கோடையில், என்னோடு மெஷினில் நிற்கும் ஒரு அண்ணை ஒரு கட்டுத் தாளோடு வந்தார். 2020 முழுவதும் ஒரு நாள் லீவு எடுக்காமல் வேலை செய்தவர். எங்கள் தொழிற்சாலை மூடவே இல்லை. அவர் பெயரில் யாரோ சேர்ப் எடுத்திருக்கிறார்கள். எடுக்காத காசு வருமானத்தில் சேர்ந்து, வரி பாக்கி வந்து, ஜூலையில் இரண்டு பிள்ளைகளின் காசும் குறைந்துவிட்டது. "ஏன் அண்ணை, ரி4ஏ வரயில்லையா?" என்று கேட்டேன். வரவில்லை. கணக்கில் விலாசத்தை மாற்றிவிட்டார்கள். அவருடைய ரி4ஏ வேறு யாரோ ஒருவருடைய வீட்டுக்குப் போயிருக்கிறது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் வீட்டுக்கு வந்த உறை மாதிரி ஒன்று. அந்த வீட்டுக்காரர் என்ன செய்தார்? அவருக்கும் ஒரு மாமா இருந்திருப்பார். "குப்பைக்குள்ள போடும்" என்று சொல்ல ஒரு அண்ணை இருந்திருப்பார். அந்த உறை பெப்ரவரியிலேயே திரும்பிப் போயிருந்தால் யாராவது ஒருவர், "ஏன் திரும்பி வந்தது?" என்று பார்த்திருக்கக்கூடும்.

அந்த அண்ணை படிவம் நிரப்பித் தரும் ஒருவரிடம் 40 டொலர் கொடுத்து, சின் நம்பர், பாஸ்வேர்ட், பிறந்த திகதி எல்லாவற்றையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தவர். அவர்தான் செய்தாரா என்று நிரூபிக்க வழியில்லை. பொலிசில் முறைப்பாடு, 1-888-495-8501 இல் மோசடித் தடுப்பு நிலையத்துக்கு முறைப்பாடு, கடன் பதிவுகளில் எச்சரிக்கை, வேலைத்தலத்தில் சம்பளக் கடிதம் என்று ஒவ்வொன்றாகச் செய்தோம். பல மாதம் எடுத்தது. கடைசியில் சரிவந்தது. அதுவரை அந்தப் பிள்ளைகளுக்குக் குறைந்த காசில்தான் வீடு ஓடியது.

இதிலே இளம்பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லவேணும். ரிம் ஹோட்டன்ஸ் வாசலில் என்னையே ஒருவர் கேட்டார், "அண்ணை, உங்கட விலாசத்துக்கு இரண்டு மூன்று கடிதம் வரும், எடுத்துத் தந்தால் கையில் காசு." படிக்க வந்திருக்கிற பெடியளிடமும் இப்படிக் கேட்கிறார்களாம். 50 டொலருக்கு விலாசத்தை விற்றுப் போட்டு, விசாரணை வந்தால் சொந்தப் பெயரோடு கதவைத் திறக்கிறது அந்தப் பெடியன்தான். கேட்டவரின் பெயர் கூட அவனுக்குத் தெரியாது.

அதற்காக, வந்த பிள்ளைக்கு விலாசம் கொடுக்காதேயுங்கோ என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்ல எனக்கு வாயும் இல்லை, முன்வரிசையில் அக்கா இருக்கிறா. கொடுங்கோ. ஆளை வீட்டுக்குக் கூப்பிட்டு, தேத்தண்ணி கொடுத்து, முகத்தைப் பார்த்துக் கொடுங்கோ. முழுப்பெயர், எந்த மாதத்தில் இருந்து, என்னென்ன காரியாலயத்துக்கு என்று ஒரு கொப்பியில் எழுதுங்கோ. அவர் வேறு இடம் போகும்போது எல்லா இடத்திலும் மாற்றியாச்சா என்று நச்சரியுங்கோ. நான் மாற்றாமல் விட்டவன், அதனால் சொல்லுறன். தெரியாத பெயரில் கடிதம் வந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கோ.

எங்களுக்கு வந்த அந்தப் பெயருக்கு 2022 இல் இன்னொரு கடிதம் வந்தது. அதையும் அனுப்பினேன். பிறகு வரவில்லை. அவ காசை எடுத்தவவா, அண்ணையைப் போல காசே காணாமல் மாட்டுப்பட்டவவா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெளிவாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். விளங்காத கடிதம் வைத்திருப்பவர்கள் கொண்டுவந்தால் பார்த்துச் சொல்லுவேன். பாஸ்வேர்டையும் சின் நம்பரையும் எனக்குச் சொல்லவேண்டாம், எனக்கு அது தேவையில்லை. பத்து மணிக்கு எனக்கு வேலை தொடங்குது, அதனால் எட்டரைக்கு முன்னம் வாங்கோ.