ஆயிரத்து முப்பத்து மூன்று பேர் நின்ற தொகுதி

(பொதுக்குழுக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)

 

வாய்க்கால் தண்ணீர் விஷயத்தைத் தலைவர் பூராவும் சொல்லிவிட்டார். அதையே நாமும் சொல்லி உங்களை உட்கார வைக்கப் போவதில்லை. போன கூட்டத்தில் இளைஞர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். "மொடக்குறிச்சியில் செய்த மாதிரி அடுத்த தேர்தலில் நாமும் ஆளுக்கொரு மனுப் போட்டால் என்ன?" என்றார்கள். நல்ல கேள்வி. கோபத்தில் கேட்டதுதான், ஆனாலும் பதில் சொல்லியாக வேண்டும்.

மொடக்குறிச்சி கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறோம். 1996 சட்டமன்றத் தேர்தல். விவசாயிகளின் கோரிக்கைகளை அரசு காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை என்று விவசாயிகள் கூட்டம் கூட்டமாகப் போய் மனுத் தாக்கல் செய்தார்கள். கடைசியில் களத்தில் நின்றவர்கள் 1,033 பேர். வாக்குச் சீட்டைப் புத்தகமாகவே அடித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. நாடே திரும்பிப் பார்த்தது, வெளிநாட்டுக்காரன்கூட எழுதினான்.

முடிவு என்ன? தி.மு.க. வேட்பாளர் சுப்புலட்சுமி ஜெகதீசன் 64 ஆயிரத்துக்கும் மேல் ஓட்டு வாங்கி ஜெயித்தார். அடுத்து வந்த அ.தி.மு.க. வேட்பாளர் 25 ஆயிரத்தைத் தொடவில்லை. 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. "தன் ஓட்டையே தனக்குப் போட்டுக்க மாட்டானா?" என்பார்கள். அந்த ஆட்கள் ஓட்டுக் கேட்கவே நிற்கவில்லை ஐயா! பெயர் அச்சில் ஏறினால் போதும், யாராவது வந்து ஏன் என்று கேட்பான் என்று நின்றார்கள்.

வந்து கேட்டார்களா? டெல்லியில் கேட்டார்கள், வேறு விதமாக. அதே 1996-லேயே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தினார்கள். சட்டமன்றத்துக்கு 250 ரூபாயாக இருந்த டெபாசிட் 5,000 ஆனது. பிறகு 10,000 ஆக்கிவிட்டார்கள். சுயேச்சையாக நிற்பவருக்கு முன்மொழிய பத்து வாக்காளர் வேண்டும் என்றார்கள். அன்றைக்கு ஆயிரம் பேர் நிற்க இரண்டரை லட்சம் போதும். இன்றைக்கு அதே ஆயிரம் பேருக்கு ஒரு கோடி. (பட்டியல் இனத்தவருக்குப் பாதி, அது வேறு கணக்கு.) நம்ம கோரிக்கைக்கு வருஷக்கணக்கில் பதில் சொல்லாத அரசாங்கம், நாம் நிற்கும் வழியை அடைக்க சில மாதத்தில் சட்டம் போட்டது.

சரி, ஜெயித்தவர் யார் என்றும் பார்க்க வேண்டும். சுப்புலட்சுமி ஜெகதீசன் அவர்கள் மீது நமக்குத் தனிப்பட்ட வருத்தம் எதுவும் கிடையாது. அவருடைய தேர்தல் கணக்கு ஒரு பாடம் என்பதற்காகச் சொல்கிறோம். 1977-ல் இதே மொடக்குறிச்சியில் அ.தி.மு.க. சார்பில் ஜெயித்து, எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் கைத்தறித் துறை. பிறகு தி.மு.க. 1989-ல் ஈரோட்டில் ஜெயித்து சமூக நலத்துறை அமைச்சர். 1996-ல் மறுபடி மொடக்குறிச்சி. 2004-ல் திருச்செங்கோடு நாடாளுமன்றத் தொகுதியில் எடப்பாடி பழனிசாமியைத் தோற்கடித்து மத்திய இணை அமைச்சர். 2021-ல் முதலில் ஜெயித்த அதே மொடக்குறிச்சிக்கு வந்து நின்றார், பா.ஜ.க.வின் சி. சரஸ்வதியிடம் தோற்றார். 2022-ல் கட்சியை விட்டும் விலகினார்.

தோற்ற வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? 281 ஓட்டு! ஒரு கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்காரும் சனம். 1996-ல் ஆயிரம் பேர் மனுப் போட்டும் அவருடைய வெற்றியை ஒரு மயிரிழை அசைக்க முடியவில்லை. ஏனென்றால் அன்று அடித்த அலை அப்படி, முதலமைச்சர் ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார். 2021-ல் யாரும் கொடி பிடிக்காமல், ஊருக்குப் பத்துப் பேர் மனசு மாறியிருந்தால் முடிவு மாறியிருக்கும். எந்தத் தேர்தலில் நம்ம ஓட்டுக்கு எடை இருக்கிறது என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. அதனால்தான் எல்லாத் தேர்தலிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறோம். கீழ்பவானி வாய்க்காலில் கான்கிரீட் போடுவதா வேண்டாமா என்று விவசாயிகளே இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றதைப் பார்த்தோமே! அப்படிப் பிரிந்து நின்றால் எந்த வேட்பாளன் நம்மைப் பார்த்துப் பயப்படுவான்?

இளைஞர்கள் இன்னொன்றும் சொன்னார்கள். தெலங்கானாவில், நிஜாமாபாத்தில் பலித்ததே என்று. உண்மைதான். 2019 நாடாளுமன்றத் தேர்தலில் அங்கே 185 பேர் நின்றார்கள், அதில் 178 பேர் மஞ்சள், சோளம் போடும் விவசாயிகள். ஓட்டு இயந்திரத்துக்குப் பன்னிரண்டு பெட்டி சேர்த்து வைத்தார்கள். முதலமைச்சர் மகள் கவிதா சுமார் 70 ஆயிரம் ஓட்டில் தோற்றார். மஞ்சள் வாரியம் கொண்டு வருவேன் என்று பத்திரத்திலேயே எழுதிக் கொடுத்தவர் ஜெயித்தார். வாரியம் வந்ததா? 2023 அக்டோபரில், தெலங்கானா சட்டமன்றத் தேர்தல் வரப்போகிற நேரத்தில்தான் அறிவித்தார்கள். 2025 ஜனவரியில்தான் திறந்தார்கள். நடுவில் அந்த விவசாயிகள் வீட்டில் உட்காரவில்லை, விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மனு வேலை செய்தது பாதி, மனுவுக்கு அப்புறம் நடந்ததுதான் மீதி. நம்ம ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, கேட்கப் பெருமைதான். விலைக்கு அது உத்தரவாதம் ஆகுமா?

இலவச மின்சாரத்தையும் யோசித்துப் பாருங்கள். 1972-ல் கோவைக்குள் மாட்டு வண்டிகளைக் கொண்டுபோய் நிறுத்தியது முதல் எத்தனை போராட்டம், எத்தனை உயிர்! 1990-ல்தான் எல்லா விவசாயிக்கும் கிடைத்தது. அந்த அமைச்சரவையில் இதே அம்மாவும் இருந்தார். அதைக் கொடுத்தது கோட்டையில் இருந்தவர்கள்தான், கொடுக்க வைத்தது ரோட்டில் நின்றவர்கள்.

ஆகவே நிர்வாகக் குழுவின் முடிவு: மொத்தமாக மனுப் போடும் யோசனை இப்போதைக்கு வேண்டாம். ஒரு கோடி ரூபாயை அரசாங்கத்துக்கு டெபாசிட்டாகக் கொடுப்பதைவிட, அந்தப் பணத்தில் எத்தனை மடை மராமத்துப் பண்ணலாம்! அதற்குப் பதிலாக வேறு வேலை வைத்திருக்கிறோம். நம்ம சட்டமன்ற உறுப்பினர் யாராக இருந்தாலும் சரி, எந்தக் கட்சியானாலும் சரி, பதவிக் காலத்தில் பாசனத்தைப் பற்றிச் சபையில் எத்தனை முறை பேசினார்? தொகுதி மேம்பாட்டு நிதி 2019-ல் ஆண்டுக்கு 3 கோடியாக உயர்ந்ததே, அதில் கடைமடைக்கு எவ்வளவு வந்தது? வேளாண்மைக்கென்று தனி பட்ஜெட் 2021-ல் இருந்து வருகிறதே, அந்த விவாதத்தில் எழுந்து நின்றாரா? இதையெல்லாம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குவோம். ஓட்டுக் கேட்டு வருகிறவர் முன்னால் அந்தக் காகிதத்தை வைத்துத்தான் பேசுவோம்.

கிளைச் செயலாளர்கள் கூட்டம் முடிந்ததும் போய்விட வேண்டாம். விண்ணப்பப் படிவம் மேடைக்குப் பின்னால் இருக்கிறது, கிளைக்கு ஐந்து. எழுதத் தெரிந்த பிள்ளைகள், முக்கியமாகக் கேள்வி கேட்ட அந்த இளைஞர்கள், முதல் ஆளாக வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பத்து ரூபாய் வில்லையைச் சங்கமே கொடுக்கும்.