கதைக்கருவும் பொருநைக் கரையும்
(நெல்லையில் இளம் எழுத்தாளரிடையே நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

"எழுதும் ஆர்வம் உண்டு, எழுதுதற்குக் கருதான் கிடைக்கவில்லை" என்று இளைஞர் பலர் கூறக் கேட்கின்றோம். பொதியமலையிற் பிறந்து புன்னைக்காயலிற் கடலோடு கலக்கும் பொருநையின் கரையில் நின்றுகொண்டு, குடிக்க நீரில்லை என்று ஒருவன் கூறுவானாயின் அவனை என்னென்று சொல்வது? இவ்வாற்றின் இரு கரையிலும், இதனை அடுத்த கரிசற் காட்டிலும் பிறந்து வளர்ந்த எழுத்தாளர்கள் கடந்த நூறாண்டில் எழுதிய கதைகளை ஒருபுறம் அடுக்கினால், கரு எங்கே கிடக்கின்றது, அதை எடுத்தவர் எவ்வாறு பேணி வளர்த்தனர் என்பன தாமே விளங்கும். அவற்றுட் சிலவற்றை மட்டும் இங்குக் காண்போம்.

முதலில் நிற்பவர் சொ. விருத்தாசலம் என்னும் புதுமைப்பித்தன். 1906-இல் திருப்பாதிரிப்புலியூரிற் பிறந்தவர். தந்தையார் அரசுப் பணியினின்று ஓய்வு பெற்றபின் குடும்பம் திருநெல்வேலிக்கே திரும்பியமையால் இவ்வூரில் வளர்ந்து, இங்குள்ள இந்துக் கல்லூரியிற் பயின்று, 1931-இற் பட்டம் பெற்றவர். பிழைப்பைத் தேடிச் சென்னை சென்றார்; 1948-இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். எழுத்து வாழ்வு பதினைந்து ஆண்டளவே. அவர் தொடக்கத்தில் எழுதிய கதைகளுட் சில, மாப்பசான் என்னும் பிரெஞ்சு எழுத்தாளரின் கதைகளைத் தழுவியவை என்பதைத் திறனாய்வாளர் பின்னர் எடுத்துக் காட்டினர். அக்கதைகளை இன்று எவர் நினைவில் வைத்துள்ளனர்? 'துன்பக்கேணி'யையும் 'செல்லம்மா'ளையும் நினைவில் வைத்துள்ளனர். கடன் வாங்கிய விதை முளைத்தது, வேரூன்றவில்லை. சொந்த மண்ணின் விதையோ மரமாயிற்று.

'துன்பக்கேணி' 1935-இல் மணிக்கொடி இதழில் வந்தது. நெல்லைச் சீமையின் சிற்றூர் ஒன்றில், பண்ணையார் காலடியிற் கிடந்த ஒடுக்கப்பட்ட குலத்துக் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சீரழிவதே கதை. இதற்குக் கருவைத் தேடி அவர் எந்த நூலகத்துக்கும் போயிருக்க வேண்டியதில்லை. தூத்துக்குடி வழியே கப்பலேறிய கூலிமக்களை அறியாத சிற்றூர் அந்நாளில் இப்பக்கத்தில் இல்லை. எல்லாரும் கண்டனர், எல்லார் வீட்டுத் திண்ணையிலும் அப்பேச்சு அடிபட்டது. கண்டவர் பலர், கதையாக்கியவர் ஒருவர் என்றால், அவ்வொருவர் அதனைத் தம் நெஞ்சை உறுத்த விட்டார் என்பதே பொருள்.

கருவை உறுத்த விடுவதென்பது எத்தகைய உழைப்பு என்பதற்கு அவரிடமே மற்றொரு சான்று உண்டு. அகலிகை கதையை அவர் இருமுறை எழுதினார். 1934-இல் 'அகல்யை', 1943-இல் 'சாப விமோசனம்'. முதற்கதையிற் கணவன் தன் மனைவியின் நிலையை உணர்ந்து பொறுத்துக்கொள்வதோடு அமைதி கண்டார். ஆயினும் கரு அவரை விடவில்லை. கல்லாய்க் கிடந்தவளை எழுப்பிய இராமனே தன் மனைவியைத் தீப்புகச் செய்தான் என்பது அகலிகையின் காதில் விழுந்தால் அவள் என்ன ஆவாள்? இவ்வினா இரண்டாங் கதையிற் பிறந்தது. அவள் மீண்டும் கல்லானாள். இடையே ஓடியவை ஒன்பது ஆண்டுகள்! வடவர் கதை நமக்கெதற்கு என்று தோளைத் திருப்பிக்கொள்வார் இவ்வவையிலும் இருக்கக்கூடும். அவர் அக்கதையை வழிபடவில்லை; குறுக்கு வினவினார் என்பதைக் கருத வேண்டும். இங்கு நாம் கற்கவேண்டிய பாடம் வேறு. ஒரு கருவை எழுதி முடித்ததும் கைகழுவி விடுதல் கூடாது. விடை கிடைக்காத வினா அதனுள் எஞ்சியிருக்குமாயின் மீண்டும் திறந்து பார்த்தல் வேண்டும். முதல் வரைவையே முடிவென எண்ணி அஞ்சலில் விடும் இன்றைய விரைவுக்கு இஃது உடன்பாடாகாது.

'செல்லம்மா'ளையும் எண்ணிப் பாருங்கள். சென்னையில் துணிக்கடைச் சிற்றாள் ஒருவர், நோயாளி மனைவி, ஒருமுறையேனும் ஊருக்குப் போய்வர வேண்டுமென்று இருவர்க்கும் ஏக்கம், கையிற் காசில்லை, அவள் இறந்து போகிறாள். வேறு நிகழ்ச்சி ஒன்றுமில்லை. நெல்லையை விட்டுப் பிழைக்கப் போன எந்தக் குடும்பத்திலும் இந்த ஏக்கம் இருந்தது. ஏக்கமே கருவாகும் என்று துணிந்ததுதான் புலமை.

அவர் நடையில் வடசொற் கலப்பு மிகுதி என்பதை மறைக்க வேண்டுவதில்லை. அதனைப் போற்றவும் வேண்டுவதில்லை. ஆனால் அவர்தம் கதைமாந்தர் வாய்திறந்து பேசும்பொழுது வருவது நெல்லை மக்களின் நாவிற் புழங்கும் பேச்சு. ஆசிரியர் பேசும் இடத்திற் கலப்பு. மக்கள் பேசும் இடத்தில் தமிழ். இம்முரண் எண்ணத்தக்கது.

இனி, தூய தமிழ் அன்பர்க்கும் ஒரு சொல். உழவன் பேச்சும் பனையேறி பேச்சும் கொச்சை என்று ஒதுக்குவார் நம்மிடையே உளர். 1902-இல் சங்கரன்கோவிலிற் பிறந்த மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் அவ்வாறு ஒதுக்கவில்லை. செடிகொடிகளின் அடி, கிளை, இலை, கொழுந்து, பிஞ்சு, காய் ஆகியவற்றின் ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் தமிழில் தனித்தனிச் சொல் இருப்பதை அவர் நிரல்படக் காட்டியபோது, ஏட்டுச் சொல்லோடு நாட்டுப்புறச் சொல்லையும் ஒப்ப வைத்தே காட்டினார். 1974-இல் தமிழ்நாட்டரசின் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்கு இயக்குநரானார், 1981-இல் மறைந்தார். அடுத்த ஆண்டே, 1982-இல், கி. இராசநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி வெளிவந்தது. ஒருவர் வேர்ச்சொல் தேடியவர். மற்றவர் கதை தேடியவர். இருவரும் தேடிப்போன வாசல் ஒன்றே.

இராசநாராயணன் 1923 செப்டம்பரில் இடைசெவலிற் பிறந்தார். கோவில்பட்டியை அடுத்த இச்சிற்றூர் 1986 வரையில் நெல்லை மாவட்டத்தைச் சேர்ந்தது. பொருநைப் பாய்ச்சல் எட்டாத, வானம் பார்த்த கரிசல் மண். அதே ஊரில், அதே திங்களிற் பிறந்த மற்றொருவர் கு. அழகிரிசாமி! பள்ளிப் படிப்பு மிக இல்லாத உழவரான இராசநாராயணனின் முதற்கதை வந்தபோது அவர் அகவை முப்பதைக் கடந்திருந்தது. அதுவரையில் என்ன செய்தார்? கேட்டார். கிழவர் சொன்ன கதை, கிழவி வைத வசவு, ஏர்க்காலில் நின்று பேசிய பேச்சு, எல்லாவற்றையும் கேட்டார். நண்பர்க்கு நீண்ட மடல்கள் எழுதினார். நெற்பயிர்க்கு நாற்றங்கால் போல அவர் கதைகளுக்கு அம்மடல்கள் அமைந்தன. நேரே வயலில் விதைப்பாரும் உண்டு. நாற்றுவிட்டுப் பிடுங்கி நடுவாரும் உண்டு. காரும் பிசானமும் கண்ட நெல்லை உழவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

அவருடைய 'கதவு' என்னும் கதையை எடுத்துக்கொள்வோம். தீர்வை கட்டாத ஏழை வீட்டின் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகின்றனர். அதுகாறும் அக்கதவைப் பிடித்து ஆடி விளையாடிய குழந்தைகள் என்ன ஆனார்கள்? பஞ்சம், வறுமை, அரசின் கொடுமை என்று தலைப்பிட்டு நூறு பக்கம் எழுதலாம். அவர் ஒரு மரக்கதவை எடுத்துக்கொண்டார். பெரிய கருத்தைப் பிடிக்க விரும்புவோர் கைக்கடக்கமான பொருளொன்றைப் பிடிக்கட்டும்; கருத்துப் பின்னே வந்து சேரும். 1976-இல் வந்த 'கோபல்ல கிராம'மோ வேறு வகை. தெலுங்கு நாட்டிலிருந்து முன்னோர் பெயர்ந்து வந்த வரலாறு வீட்டுப் பெரியோர் வாயிற் கதையாய்க் கிடந்தது, அதுவே புதினமாயிற்று. வீட்டிலே தெலுங்கு பேசிய குடியிற் பிறந்தவர் கரிசல் தமிழுக்கு அகரமுதலி கண்டார் என்பதை எண்ணுங்கால், தமிழைத் தாய்மொழி எனப் பெருமை பேசிக்கொண்டு ஆங்கிலம் கலந்து எழுதுவார் சற்று நாணுதல் தகும்.

ஆற்றின் மேற்பகுதிக்கு வருவோம். தொ.மு.சி. இரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' 1953-இல் வெளிவந்தது. நூல் கிடைக்காமலும் நெய்த துணி விலைபோகாமலும் கைத்தறி நெசவாளர் பட்டினி கிடந்த காலம் அது. அம்பாசமுத்திரப் பக்கத்து நெசவாளர் வாழ்வே புதினத்தின் களம். இங்கே கரு, செய்தித்தாளிலும் வந்த ஒன்று. செய்தி எல்லார்க்கும் பொது. பாவு, ஊடை, தார், நாடா என்னும் சொற்கள் புழங்கும் வீட்டுக்குள் புகுந்தவனுக்கே அச்செய்தி கதையாகும். தறியின் ஓசை ஒரு தெருவில் நின்றுபோனால் அத்தெரு எவ்வாறிருக்கும் என்பதைச் செய்தித்தாள் சொல்லாது.

தெரு என்றதும் வண்ணநிலவனின் 'ரெயினீஸ் ஐயர் தெரு' நினைவுக்கு வருகின்றது. பாளையங்கோட்டையில் தொண்டாற்றி, தமிழுக்கு இலக்கண நூலும் எழுதி, 1838-இல் அங்கேயே மறைந்த இரேனியசு என்னும் செருமானியரின் பெயர் தாங்கிய சிறு தெரு அது. அத்தெருவின் சில வீடுகளே புதினம். தலைவன் இல்லை, பகைவன் இல்லை, வீடுதோறும் சிறுசிறு துயரம். நாள்தோறும் நடந்துபோகும் தெருவை ஒருவன் நின்று பார்த்ததனால் விளைந்த நூல். கரு கிடைக்கவில்லை என்பார் தம் தெருவில் எத்தனை வீடு, எவ்வீட்டில் யார் உள்ளார் என்று எழுதிக் காட்டட்டும். பாதிப்பேர்க்கு அதுவே தெரியாது.

கருவைக் கண்டபின் அதனை வளர்க்கத் துணையும் வேண்டும். திறனாய்வாளர் தி.க. சிவசங்கரன், 2014-இல் மறையும் வரையில், அறிமுகமில்லாத இளைஞர்க்கும் அஞ்சலட்டை எழுதி ஊக்கியவர். ஊர்தோறும் இத்தகைய ஒருவர் வேண்டும். இன்று எத்தனை ஊரில் உளர்?

கடும் கரு ஒன்றையும் சொல்லாமல் விடுதல் முறையன்று. 1999 சூலை 23-ஆம் நாள், மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் கூலி உயர்வு முதலியன வேண்டி நெல்லையில் ஊர்வலம் வந்தபோது, காவல்துறையின் தடியடியில் ஆற்றுக்குள் விரட்டப்பட்டு 17 பேர் உயிரிழந்தனர். அவருள் ஒரு குழந்தையும் உண்டு. 'துன்பக்கேணி' வந்து 64 ஆண்டு கழிந்திருந்தது. அன்று கடல் கடந்த தேயிலை. 1999-இல் பொருநை பிறக்கும் மலையின் தேயிலை. மாரி செல்வராசு தம் கதைத்தொகுப்புக்கு 'தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்' என்று பெயரிட்டார். கொல்லப்பட்டவரை எண்ணிக்கை வைத்துக்கொள்ளும். பிழைத்தவர் என்ன ஆனார் என்று கேட்கக் கதையாசிரியன் வேண்டும். இத்தகைய கருவைத் தொடுவோர் பொறுமை காத்தல் வேண்டும். நேற்றைய கண்ணீரை இன்றே விற்பனைக்கு வைத்தல் இழிவு.

இளைஞர்கள் உடனே செய்யத்தக்க பணியும் உண்டு. பனைத்தொழில் சுருங்கி வருகின்றது. பதநீர் காய்ச்சும் குடிலுக்கு 'விடிலி' என்று பெயர். நகரத்துப் பிள்ளைகளுள் எத்தனை பேர் அச்சொல்லை அறிவர்? பாளை சீவுதல், கலயம் கட்டுதல், பட்டை பிடித்துப் பதநீர் பருகுதல் என ஒவ்வொரு சொல்லின் பின்னும் ஒரு குடும்பத்தின் விடியற்காலை நிற்கின்றது. பத்தமடைக்குச் சென்று பாருங்கள்: ஆற்றோரக் கோரையை அறுத்து, கீறி, வெயிலிற் காயவைத்து, நுண்பாய்க்காயின் ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறப்போட்டு, மீண்டும் காயவைத்து, மேலும் நுணுக்கிக் கீறிய பின்னரே பருத்திநூற் பாவில் ஊடையாக இடுகின்றனர். அங்குப் பாய் நெய்யும் முசுலீம் பெண்டிர் தம் தொழிலுக்குரிய சொற்களைத் தமிழிலேயே வைத்துள்ளனர். அவர்தம் வீட்டு முற்றத்தில் அமர்ந்து கேட்டு எழுதுங்கள். சொல்லை ஒரு பக்கத்திலும், அச்சொல்லைச் சொன்னவர் அதனோடு சேர்த்துச் சொன்ன செய்தியை எதிர்ப்பக்கத்திலுமாக எழுதி வாருங்கள். முதற்பக்கம் அகரமுதலி தொகுப்பார்க்கு உதவும். எதிர்ப்பக்கத்தை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

வாழ்க தமிழ்!