நாற்காலியிலிருந்து துப்பறிதல்

துப்பறிவோன் என்றதும், உருப்பெருக்கிக் கண்ணாடியுடன் காலடித் தடம் தேடுபவனே நம் நினைவுக்கு வருகிறான். இருந்த இடத்தைவிட்டு அசையாமலே புதிர்களை விடுவிப்போரும் உண்டு.

ஆர்க்ஸி சீமாட்டி 1901 முதல் எழுதிய கதைகளில், இலண்டன் தேநீர்க் கடையின் மூலையில் ஒரு கிழவர் அமர்ந்திருக்கிறார். கயிற்றுத் துண்டில் முடிச்சிட்டு அவிழ்த்தவாறே, காவலரைத் திணறடித்த குற்றங்களை ஓர் இளம் பெண்ணுக்கு விளக்குகிறார். ஹாரி கெமல்மன் 1947-இல் வெளியிட்ட 'ஒன்பது மைல் நடை'யிலோ, பேராசிரியர் ஒருவர் 11 சொற்களே கொண்ட ஒரு வாக்கியத்தை ஆராய்ந்து, உண்மையாகவே நிகழ்ந்துவிட்ட கொலையொன்றைக் கண்டறிகிறார். சொற்களை நிறுத்துப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட மொழிபெயர்ப்பாளராகிய நமக்கு இதைவிட இனிய கதை ஏது?

ஆயினும், இவ்வகைக்கு வழிகாட்டிய எட்கர் ஆலன் போவின் அனுபவம் ஓர் எச்சரிக்கை. 1841-இல் நியூயார்க்கைச் சேர்ந்த மேரி ராஜர்ஸ் என்னும் இளம்பெண்ணின் உடல் ஹட்சன் ஆற்றில் கிடைத்தது. போ அந்நிகழ்ச்சியைப் பாரிஸ் நகருக்கு மாற்றி, செய்தித்தாள்களைக் கொண்டே தம் துப்பறிவோனை விடைகாண வைத்தார். கதை தொடராக வெளிவருகையிலேயே புதிய செய்தி கிளம்பிற்று. 1845-இல் நூலாக்கியபோது அவர் கதையைத் திருத்தவேண்டியதாயிற்று. அவ்வழக்கோ இன்றளவும் துலங்கவில்லை.

கற்பனைக் கொலைக்கு நாற்காலி போதும். நாமும் அலுவலகத்தில் காகிதத்தை மட்டும் கண்டு, முகமறியா மனிதரைப்பற்றி முடிவு கட்டுகிறோம். எழுந்து சென்று கேட்கவேண்டிய கேள்வி ஒன்று எஞ்சியிருக்கலாம் என்பதை மறவாதிருப்போமாக.