சமரச மேசையில் யார் உட்காருகிறார்கள்?

(மாதாந்திர இணையவழிச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பிறந்து வளர்ந்தது யாங்கூன்ல. பாட்டிக்கு அது இன்னமும் ரங்கூன்தான். போன மாசம் அவங்களோட பேசிட்டிருந்தப்போ வழக்கம்போல கரண்ட் போயிடுச்சு. "இந்த நாட்டு கேஸ் எல்லாம் எங்கதான் போகுதோ"ன்னாங்க.

ஒரு பகுதி சீனாவுக்குப் போகுது. ராக்கைன் கடலில் எடுக்கும் ஷ்வே எரிவாயு சௌக்ப்யூவில் கரையேறி, ஷான் மாநிலம் கடந்து யுன்னான் மாகாணம் சேருது. குழாய் போகும் வழியில் அரக்கானியர், ஷான், தஆங் மக்களின் ஊர்களும் வயல்களும் இருக்கு.

இப்படி நிலத்தை இழப்பவங்க யார்கிட்ட முறையிடுறது? ஒரு வழி, ஓஇசிடி அமைப்பின் பன்னாட்டு நிறுவனங்களுக்கான வழிகாட்டு நெறிகள். அதை ஏற்ற ஒவ்வொரு நாட்டிலும் ஒரு தேசியத் தொடர்பு மையம் இருக்கணும். அது நீதிமன்றம் இல்லை. அபராதம் போட முடியாது. இரு தரப்பையும் சமரசத்துக்கு அழைக்கும். பேச்சு முறிஞ்சா ஒரு அறிக்கை வெளியிடும். மியான்மரும் இந்தியாவும் அந்த நெறிகளை ஏற்ற நாடுகள் இல்லை. அதனால புகார் கம்பெனியின் தாய்நாட்டுக்குப் போகணும்.

2008இல் இப்படி ரெண்டு புகார்கள் போச்சு.

அக்டோபரில், ஷ்வே திட்டத்தை நடத்திய டேவூ இன்டர்நேஷனல் மேலயும் கொரிய எரிவாயுக் கழகம் மேலயும் சியோலில் புகார். எர்த்ரைட்ஸ் இன்டர்நேஷனலும் ஷ்வே கேஸ் இயக்கமும் கொடுத்தாங்க. அடுத்த மாதமே தள்ளுபடி. சமரசத்துக்கே அழைப்பு இல்லை. எரிவாயுக் கழகம் அரசு நிறுவனம். தொடர்பு மையமும் அரசின் பொருளாதார அமைச்சகத்துக்குள்ளேயே இருந்தது. திருடன் வீட்டுத் திண்ணையில பஞ்சாயத்து கூட்டினா எப்படி இருக்கும்?

டிசம்பரில், ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் வெட்ட வந்த வேதாந்தா மேல லண்டனில் புகார். தூத்துக்குடி ஸ்டெர்லைட்டை நடத்திய அதே வேதாந்தாதான். புகார் கொடுத்தது சர்வைவல் இன்டர்நேஷனல். கம்பெனி சமரசத்துக்கு வரவே இல்லை. ஆனா பிரிட்டிஷ் மையம் விசாரணையை மூடிடல. 2009 செப்டம்பரில், டோங்கிரியா கோந்த் மக்களை வேதாந்தா முறையாகக் கலந்தாலோசிக்கவில்லைன்னு அறிக்கை கொடுத்தது. 2010இல் இங்கிலாந்துத் திருச்சபை தன் பங்குகளை விற்றது. அதே ஆண்டு இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் வன அனுமதியை மறுத்தது.

ஆக, அறிக்கை மலையைக் காப்பாத்திடுச்சா? இல்லை தோழர்களே. அறிக்கைக்குப் பின்னால பல வருஷமா வழிமறிச்சு நின்ன மக்கள் இருந்தாங்க. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் முடிவை கிராம சபைகளிடம் விட்டது. ஜூலையில் தொடங்கிக் கூடிய 12 சபைகளும் வேண்டாம்னு சொல்லிடுச்சு. அதே 2013 ஜூலையில்தான் ஷ்வே குழாயில் சீனாவுக்கு எரிவாயு ஓடத் தொடங்கியது.

ஒடிசாவில் சாலையை மறிக்க முடிஞ்சது, கிராம சபை கூட்ட முடிஞ்சது. ராணுவ ஆட்சியில் இருந்த மியான்மரில் அந்த இடமே இல்லை. 2021 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு மறுபடி அதே நிலைமை. எரிவாயுப் பணம் அரசு எண்ணெய் நிறுவனம் வழியா ராணுவத்துக்குப் போகுது. அதனாலதான் 2022 பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் அதன்மேல தடை போட்டது. இந்தப் பேச்சில் என் பெயர் இல்லாததுக்கும் காரணம் அதுதான். வீட்ல பாட்டி இருக்காங்க.

இங்கதான் நம்ம வேலை வருது. கம்பெனிகளின் தாய்நாடுகளில் நாம குடியிருக்கோம், வாக்களிக்கிறோம், நம்ம ஓய்வூதிய நிதி அந்தக் கம்பெனிகளில் கிடக்கு. புகார் மனுவை எழுத நமக்கு மொழியும் இருக்கு, பாதுகாப்பும் இருக்கு. ஆனா ஒரு எச்சரிக்கை: மனுவை நாம எழுதலாம், சமரச மேசையில் "சரி, ஒத்துக்கிறோம்"னு சொல்லும் உரிமை நமக்கு இல்லை. இழப்பீடு போதுமா, மலையே வேணுமா என்பதை அந்த ஊர்தான் சொல்லணும். அவங்களைக் கேட்க வழியில்லாத நிலையில் கையெழுத்துப் போடாம எழுந்து வர்றதும் அரசியல்தான்.

அடுத்த சந்திப்புக்கு ஒரு வீட்டுப்பாடம்: உங்க ஓய்வூதிய நிதியின் பங்குப் பட்டியலைக் கேட்டு வாங்கிட்டு வாங்க. அங்கிருந்து தொடங்கலாம்.