மயிலிறகும் வண்டி அச்சும்: ஓர் எடைக் கணக்கு

(கணித, அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'வாழ்வியல் சூழலில் கணிதமும் அறிவியலும்' என்பது இன்றைய அமர்வின் தலைப்பு. வாழ்வியல் சூழல் என்றாலே கடைக் கணக்கு, வட்டிக் கணக்கு, வயலுக்கு வேலி என்று எடுத்துக்காட்டுகளைச் சொல்லிவிடுகிறோம். அவை தேவைதான். இன்று சற்றுத் தொலைவிலிருந்து ஒரு கணக்கை எடுத்து வந்திருக்கிறேன். நான்காம் வகுப்புக் கூட்டல், ஏழாம் வகுப்பு இயற்கணிதம், பத்தாம் வகுப்புத் திருப்புத்திறன் மூன்றும் இந்த ஒரே கணக்கில் இருக்கின்றன. பிழைத்தால் உயிருக்கே ஆபத்து வரக்கூடிய கணக்கு இது.

படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்களுக்காக நிற்கும் கேரவனை நாம் பார்த்திருக்கிறோம். பிரிட்டனிலும் ஐரோப்பிய நாடுகளிலும் சாதாரணக் குடும்பங்களே அதுபோன்ற வண்டியை வைத்திருக்கின்றன. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். விடுமுறை வந்தால் குடும்பத்தோடு ஏறிக் கிளம்பிவிடுவார்கள். இதை மோட்டார் ஹோம் என்பார்கள். வீட்டை ஓட்டிச் செல்லலாம். ஆனால் வீட்டில் உள்ளதையெல்லாம் ஏற்றிச் செல்ல முடியாது. சட்டம் ஓர் எடை வரம்பை வைத்திருக்கிறது.

3,500 என்ற எண்

பிரிட்டனில் சாதாரணக் கார் ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர், சுமையோடு சேர்த்து 3,500 கிலோ வரை அனுமதிக்கப்பட்ட வண்டியை ஓட்டலாம். 1997 ஜனவரி 1க்கு முன் தேர்வில் வென்றவர்களுக்கு 7,500 கிலோ வரை உரிமை உண்டு. அதுவும் 70 வயது வரைதான். அதன்பின் தொடர வேண்டுமானால் மருத்துவச் சான்று வேண்டும். ஆகவே இளையவர்களுக்கும், எழுபதைத் தாண்டிய பலருக்கும் 3,500 என்பதே எல்லைக்கோடு. பெரிய வீடு போன்ற வண்டியைக்கூட அந்த எண்ணுக்குள் அடக்கித் தயாரிக்க வேண்டிய நெருக்கடி அதனால்தான் வந்தது. வண்டியின் சொந்த எடையே அனுமதியின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ள, குடும்பத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

நம் நாட்டில் இலகுரக வாகனத்தின் வரம்பு 7,500 கிலோ. அந்த எடைக்குட்பட்ட சரக்கு வண்டியையும் இலகுரக வாகன உரிமத்தோடு ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதிக பாரம் ஏற்றினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு 20,000 ரூபாய் அபராதம். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். நம் ஊர் லாரிகளின் பக்கவாட்டில் வெற்று வண்டியின் எடை, சரக்கோடு சேர்ந்த மொத்த எடை ஆகியவற்றைப் பெயிண்டால் எழுதியிருப்பார்கள். மாணவர்கள் தினமும் அந்த எண்களைக் கடந்துதான் பள்ளிக்கு வருகிறார்கள்; அவற்றுக்குப் பொருள் சொல்லிக்கொடுக்க வேண்டியது நாம்.

கழித்துக்கொண்டே போவோம்

இனி ஒரு கணக்கு. எண்கள் வகுப்புக்காக நான் அமைத்தவை. ஆனால் நடைமுறைக்கு ஒத்தவை. கரும்பலகையில் 3,500 என்று எழுதுங்கள். வண்டி 7 மீட்டர் நீளம், நால்வர் அமரலாம். ஓடுவதற்கு ஆயத்தமான நிலையில் அதன் எடை 2,950 கிலோ. 'ஆயத்தமான நிலை' என்பதற்கு ஐரோப்பிய விதி ஒரு பொருள் சொல்கிறது: எரிபொருள் தொட்டி 90 விழுக்காடு நிறைந்திருக்கும், ஓட்டுநர் 75 கிலோ இருப்பார். ஓட்டுநர் உண்மையில் 85 கிலோ இருந்தால்? அந்த 10 கிலோவை நாம்தான் கணக்கில் சேர்க்க வேண்டும்.

3,500இலிருந்து 2,950 போனால் 550. ஓட்டுநரின் கூடுதல் 10 போனால் 540. மனைவி 65, பிள்ளைகள் 45, 35. ஆக 145 போக 395. வாங்கிய பிறகு பொருத்திய நிழற்கூரை 30, இரண்டாவது பேட்டரி 25, சூரியத் தகடு 15, மிதிவண்டி மாட்டும் சட்டம் 15; மொத்தம் 85 போக 310. தண்ணீர்த் தொட்டி 100 லிட்டர். இந்த வண்டியின் தயாரிப்பாளர் 20 லிட்டரை மட்டுமே கணக்கில் எடுத்திருக்கிறார். தொட்டியை நிரப்பினால் 80 கிலோ கூடும், மீதி 230. கூடுதல் எரிவாயு உருளை 25 போக 205. நான்கு மிதிவண்டிகள் 60 போக 145. நாற்காலி, மேசை 25 போக 120. பாத்திரம், உணவுப் பொருள் 60 போக 60. துணிமணி, போர்வை 50 போக 10. கருவிப்பெட்டி, மின்கம்பி, சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் கட்டைகள் 25. இப்போது மீதி? கழித்தல் 15.

மாணவர்கள் இந்தக் குறை எண்ணைத் தாங்களாகவே வந்தடைய வேண்டும். எந்தப் பொருளும் தனியாகப் பார்த்தால் பெரிதல்ல. நிழற்கூரையும் போர்வையும் வண்டியைச் சாய்த்துவிடுமா என்றுதான் யாருக்கும் தோன்றும். வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் மயிலிறகு வண்டி இந்த அவையில் எல்லோருக்கும் நினைவிருக்கும். கணித ஆசிரியரும் தமிழாசிரியரும் சேர்ந்து எடுக்கத்தக்க பாடம் இது.

அடுத்த கேள்வி: எதை இறக்கலாம்? மாணவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். விவாதிக்க விடுங்கள். தண்ணீர் என்று ஒரு குழந்தையாவது சொல்லும். போய்ச் சேரும் இடத்தில் தண்ணீர் கிடைக்கும் என்றால், 80 லிட்டரை வழியெல்லாம் சுமப்பானேன்? குழாயைத் திறந்துவிட்டால் 80 கிலோ குறைந்துவிடும். கருவிப்பெட்டியை இறக்க முடியாது; வழியில் தேவைப்படும். முன்னுரிமை தருவதும் கணிதத்தைச் சேர்ந்ததுதான்.

இங்கே அறிவியல் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கலாம். தொட்டித் தண்ணீரில் பாத்திரம் கழுவினால் வண்டியின் எடை குறையுமா? பலர் குறையும் என்பார்கள். கழுவிய நீர் வண்டிக்கு அடியிலுள்ள கழிவுநீர்த் தொட்டிக்குப் போகிறது. அதை வெளியேற்றும்வரை எடை அப்படியேதான் இருக்கும். நிறை அழிவின்மைக்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு வேண்டுமா?

நடுநிலை வகுப்புகளுக்கு இயற்கணிதமும் இதில் இருக்கிறது. இத்தகைய வண்டியில், பயணிகளுக்கு ஆளுக்கு 75 கிலோ தனியே ஒதுக்கிய பிறகு, உடைமைகளுக்குக் குறைந்தது எவ்வளவு இடம் விட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி ஒரு சூத்திரம் தருகிறது. ஓட்டுநர் உட்பட ஆட்களின் எண்ணிக்கையையும் மீட்டரில் வண்டியின் நீளத்தையும் கூட்டிப் பத்தால் பெருக்க வேண்டும். நம் வண்டிக்கு நான்கும் ஏழும் பதினொன்று, 110 கிலோ. ஆனால் நம் பட்டியலில் மிதிவண்டி முதல் கருவிப்பெட்டி வரை மட்டுமே 220 கிலோ. சட்டம் கேட்கும் குறைந்த அளவும் குடும்பத்தின் தேவையும் ஒன்றல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது. வாங்குவதற்கு முன்பே கணக்குப் போட வேண்டும்.

மொத்தம் சரி, அச்சு சரியா?

இனிதான் முக்கியமான பகுதி. மயிலிறகு வண்டியில் முறிவது அச்சு என்பதைக் கவனித்திருப்பீர்கள். மோட்டார் ஹோமில் ஒட்டியிருக்கும் தகட்டிலும் மொத்த எடையோடு ஒவ்வோர் அச்சுக்கும் தனி வரம்பு இருக்கும். முன் அச்சு 1,850, பின் அச்சு 2,000 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டினால் 3,850. மொத்த அனுமதியோ 3,500. ஏன் இந்த வேறுபாடு? சுமை எல்லா நேரமும் ஒரே விகிதத்தில் பிரியாது. சற்று முன்னே பின்னே போக இடம் விட்டிருக்கிறார்கள். அதற்காக இரண்டு அச்சையும் உச்சம் வரை நிரப்பிவிட முடியாது.

தண்ணீரை வெளியேற்றி, பொருள்களைக் குறைத்தும் மாற்றியும் அடுக்கி, நம் வண்டி எடைமேடைக்குப் போகிறது. முழு வண்டி 3,490. குடும்பத்துக்கு மகிழ்ச்சி. முன் சக்கரங்களை மட்டும் ஏற்றினால் 1,480. அப்படியானால் பின் அச்சில் 2,010. மொத்தம் வரம்புக்குள், பின் அச்சு 10 கிலோ மிகை. சட்டத்தின் முன் இது அதிக பாரம்தான்.

காரணம், பின்புறம் தொங்கும் மிதிவண்டிகள். சட்டத்தோடு சேர்த்து அவை 75 கிலோ. அச்சுகளுக்கு இடையே 4 மீட்டர். மிதிவண்டிகள் பின் அச்சிலிருந்து 2.4 மீட்டர் பின்னே இருக்கின்றன. முன் அச்சை ஆதாரப்புள்ளியாகக் கொண்டு திருப்புத்திறன் எடுங்கள். 75ஐ 6.4ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 120. ஏற்றியது 75 கிலோ. பின் அச்சு உணர்வது 120 கிலோ! கூடுதல் 45 எங்கிருந்து வந்தது? முன் அச்சிலிருந்து. ஏற்றமரம்போல் முன்பக்கம் தூக்கப்படுகிறது. திசைமாற்றுவது முன் சக்கரங்கள். அவற்றின் மீதுள்ள பாரம் குறைந்தால் சாலையில் பிடிப்பும் குறையும். ஈரச் சாலையில் வளைவில் திரும்பும்போது இது தெரியும். மிதிவண்டிகளைச் சட்டத்தோடு கழற்றிவிட்டால் பின் அச்சு 1,890, முன் அச்சு 1,525, மொத்தம் 3,415. மூன்று எண்ணும் வரம்புக்குள் வந்துவிடும்.

டயருக்கும் வரம்பு உண்டு. டயரின் பக்கச் சுவரில் 109 என்ற சுமைக் குறியீடு இருந்தால், அந்த டயர் தாங்கும் அளவு 1,030 கிலோ. இரண்டு டயருக்கு 2,060. பின் அச்சின் வரம்பான 2,000க்கும் இதற்கும் இடைவெளி வெறும் 60 கிலோ. அதிக பாரத்தோடு காற்றழுத்தமும் குறைந்தால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மிகுதியாக மடங்கி விரிந்து சூடேறும், கடைசியில் வெடிக்கும். ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் நிறைக்கு நேர்விகிதத்தில் கூடுவதால், நிறுத்தும்போது பிரேக்குக்கும் அதே விகிதத்தில் வேலை கூடும். வரம்புகள் அபராதம் வாங்குவதற்காக வைத்தவை அல்ல என்பதை மாணவர்கள் உணரும் இடம் இது.

வகுப்பறையில் செய்து பார்க்க

தொடக்க வகுப்புகளுக்கு: ஒரு பை, ஒரு தராசு, 5 கிலோ வரம்பு. சுற்றுலாவுக்கு எடுத்துச் செல்லும் பொருள்களைக் குழுவாகத் தேர்ந்தெடுக்கட்டும். முதலில் உத்தேசமாக மதிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். பிறகு நிறுத்துப் பார்க்கட்டும். மதிப்பீட்டுக்கும் அளவீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும் எழுதட்டும்.

உயர்நிலை வகுப்புகளுக்கு: இரண்டு மின்னணுத் தராசுகளின் மீது குறுக்காக ஒவ்வொரு பென்சில் வைத்து, அவற்றின் மேல் நீளமான பலகையை வையுங்கள். பென்சில்களுக்கு இடையே 40 சென்டிமீட்டர் இருக்கட்டும். பலகை ஒரு பக்கம் வெளியே நீண்டிருக்கட்டும். இரு தராசையும் சுழியாக்கிவிட்டு, பென்சில்களுக்கு நடுவில் 2 கிலோ வைத்தால் இரண்டும் 1 கிலோ காட்டும். இப்போது நீண்ட பக்கத்தில், பென்சிலிலிருந்து 20 சென்டிமீட்டர் வெளியே 1 கிலோ வையுங்கள். ஒரு தராசு 2.5 காட்டும், மற்றது அரை கிலோவுக்கு இறங்கும். ஏற்றியது ஒரு கிலோ, ஏறியது ஒன்றரை கிலோ. இதை ஒருமுறை கண்ணால் பார்த்த மாணவருக்குத் திருப்புத்திறன் மறக்காது.

சட்டமும் சந்தையும் 'எடை' என்று சொல்வதை நம் அறிவியல் பாடம் 'நிறை' என்கிறது. கிலோகிராம் நிறையின் அலகு, நியூட்டன் எடையின் அலகு என்பதைத் தெளிவுபடுத்தவும் இதுவே நல்ல தருணம்.

நிறைவாக ஒன்று. ஒன்று முதல் பத்தாம் வகுப்பு வரை பையின் எடை மாணவரின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று 2020ஆம் ஆண்டின் தேசியப் பள்ளிப் பைக் கொள்கை கூறுகிறது. 32 கிலோ குழந்தைக்கு 3.2 கிலோ. அதில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலே கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. பள்ளியில் நல்ல குடிநீர் இருந்தால் அந்த ஒரு கிலோ உடனே குறையும். தோள்வார் தளர்ந்து இடுப்புக்குக் கீழே தொங்கும் பை, பின்னால் மாட்டிய மிதிவண்டிபோலக் குழந்தையைப் பின்னோக்கி இழுக்கிறது. அதை ஈடுகட்டக் குழந்தை முன்னால் குனிந்து நடக்கிறது. வாரை இறுக்கிப் பையை முதுகோடு ஒட்ட வைத்தால் இழுப்பு குறையும்.

லாரிக்கு எடைமேடை இருக்கிறது. குழந்தைகளின் பைக்கு நாம்தான் தராசு வைக்க வேண்டும். இந்தக் கணக்கை வகுப்பில் போட்டுப் பார்த்த அன்றே, மாணவர்களின் பைகளையும் அவர்களையே நிறுக்கச் சொல்லுங்கள். பத்தில் ஒரு பங்கை அவர்களே கணக்கிடட்டும். வரும் எண்களைப் பெற்றோர் கூட்டத்தில் முன்வையுங்கள். எதை வீட்டில் வைக்கலாம், எதைப் பள்ளியில் வைக்கலாம் என்று அங்கே முடிவு செய்யலாம்.