வெறும் பலகை என்று வீசிவிடாதீர்கள்

(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான கிராமக் கூட்டம் ஒன்றில் எமது தொடர்பாடல் அலுவலர் ஆற்றிய உரை. அன்று வர முடியாமற்போனவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



எங்கள் நிறுவனத்தில் என் வேலைகளில் ஒன்று பலகை எழுதுவிப்பது. கிணறு இறைத்துத் துப்புரவு செய்தால் ஒரு பலகை, மலசலகூடம் கட்டினால் ஒரு பலகை, கூட்டம் வைத்தால் இன்னொரு பலகை. திட்டம் முடிந்து நாங்கள் போன பின்னும் பலகைகள் உங்கள் வளவிலும் பொதுமண்டபத்திலும் நின்றுவிடுகின்றன. "பிள்ளை, இதை என்ன செய்யலாம்? கூரைக்கு ஆகுமா?" என்று போகிற இடமெல்லாம் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்ல வந்தேன்.

நான் பொறியியலாளர் அல்ல, கலைப்பீடத்தில் படித்தவள். ஆனால் இந்தத் தகட்டை வெட்டுவதும் மடிப்பதும் கட்டுவதும் என் கைக்குப் பழக்கம். முடிந்த திட்டத்தின் பலகையைக் கழற்றுவதற்கு முன் எங்கள் கள அலுவலரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கோழிக்கூட்டின் கதவில் எங்கள் பெயர் தலைகீழாகத் தெரிந்தாலும் எங்களுக்கு வருத்தமில்லை.

தகட்டின் குணம்

விளிம்பைப் பாருங்கள். இரண்டு மெல்லிய தோல். நடுவில் வரிசையாகச் சின்னக் குழல்கள். அட்டைப்பெட்டியின் அமைப்புத்தான், ஆனால் கடதாசிக்குப் பதிலாகப் பொலிப்புரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். அதிகம் கிடைப்பது 4 மில்லிமீற்றர் தடிப்பானது. 8 அடிக்கு 4 அடி முழுத்தகடு இரண்டு, இரண்டரைக் கிலோதான் இருக்கும். உக்காது, கறையான் அரிக்காது, மழையில் ஊறாது.

இதற்கு மூன்று பலவீனம் உண்டு. வெயிலைத் தாங்கும் பூச்சு இல்லாத தகடு ஓரிரு வருட வெயிலில் நொறுங்கத் தொடங்கும். சுமார் 160 பாகை செல்சியஸில் உருகும். தீப்பிடித்தால் எரிந்துகொண்டே சொட்டும். காற்றுக்குப் பாரமில்லாததால் எழும்பிப் பறக்கும். ஆகவே கூரைக்கு ஆகாது. அடுப்பு மறைப்புக்கும் ஆகாது. குசினிக்குள் அடுப்புப் பக்கம் கொண்டே போக வேண்டாம்.

வெட்டுவதும் மடிப்பதும்

ஒரு பிளேட் கத்தி, ஒரு அடிமட்டம், கொஞ்சம் கட்டுக்கம்பி போதும். குழல் ஓடும் திசையில் மடிக்க வேண்டுமானால், ஒரு குழலின் வழியே மேல்தோலை மட்டும் கீறுங்கள். கீழ்த்தோல் பிணைச்சல் போல நின்று வேலை செய்யும். குழலுக்குக் குறுக்கே மடிக்க வேண்டுமானால், கரண்டிக் காம்பினால் கோடு போட்டு அழுத்தி நசித்த பிறகு மடியுங்கள்.

பசை பூசிக் காசை வீணாக்காதீர்கள். சாதாரணப் பசை எதுவும் இந்தப் பிளாஸ்டிக்கில் நின்று பிடிக்காது. சாக்கு ஊசியால் துளையிட்டுக் கம்பியால் கட்டுங்கள். கம்பி தகட்டைக் கிழிக்காமல் இருக்க, துளையின் இரு பக்கமும் துளையிட்ட சோடா மூடியோ பழைய ரியூப் துண்டோ வையுங்கள். தகடு வளையாமல் நிற்க வேண்டுமானால் குழலுக்குள் பழைய சைக்கிள் கம்பியைச் செருகுங்கள். தட்டு அடிப்பதானால் குழல்கள் ஒரு தாங்கியிலிருந்து மறு தாங்கிக்கு ஓட வேண்டும். குறுக்கே வைத்தால் நடுவில் தொய்ந்துவிடும்.

வெட்டிய விளிம்புகளை ரேப் ஒட்டி மூடிவிடுங்கள். திறந்த குழல் எறும்புக்கும் கரப்பானுக்கும் வீடு.

முதலில் ஆவணங்களுக்கு ஓர் உறை

ஒரேயொரு தகடுதான் கைவசம் இருக்கிறது என்றால் முதல் துண்டை இதற்கு வெட்டுங்கள். இடம்பெயர்ந்து திரும்பியவர்களுக்கு ஒரு பிறப்புச் சான்றிதழின் பெறுமதியை நான் சொல்லத் தேவையில்லை. காணி உத்தரவுப் பத்திரம் இல்லாமல் வீட்டுத்திட்டத்துக்கு நாயாக அலைந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள்.

உயரம் 14 அங்குலம், அகலம் 21 அங்குலம். குழல்கள் மேலிருந்து கீழே ஓடும்படி ஒரு துண்டு வெட்டுங்கள். இடப்பக்கத்திலிருந்து 10 அங்குலத்தில் ஒன்று, 11 அங்குலத்தில் ஒன்றாக, மேல்தோலில் மட்டும் இரண்டு கீறல் போடுங்கள். கீறல் வெளிப்பக்கம் வர மடித்தால் ஒரு பெரிய புத்தக மட்டை கிடைக்கும். பத்திரங்களை முதலில் தடித்த பொலித்தீன் பையில் இட்டு, வாயை மடித்துக் கட்டி, மட்டைக்குள் வைத்து, ரியூப் வளையம் ஒன்றால் இறுக்குங்கள். மழையைத் தடுப்பது பொலித்தீன். மடியாமலும் கசங்காமலும் காப்பது தகடு.

தேசிய அடையாள அட்டையின் பிரதி, பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்கள், காணிப் பத்திரம், குடும்ப அட்டை, பிள்ளைகளின் பாடசாலைச் சான்றிதழ்கள், கிளினிக் கொப்பி, வங்கிப் புத்தகம் எல்லாம் இதற்குள் இருக்கட்டும். என்னென்ன இருக்கின்றன என்று உள்மட்டையில் அழியாத மையால் எழுதிவையுங்கள். வாசலுக்குக் கிட்ட, வெள்ளம் எட்டாத உயரத்தில், கைபட்டவுடன் எடுக்கக்கூடியதாகத் தொங்கவிடுங்கள். இரவில் தண்ணீர் ஏறினால் எதை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும் என்று வீட்டிலுள்ள கடைசிப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். பிரதி ஒன்று எடுத்து வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.

பிள்ளைகளுக்கு

மேசை வாங்க வசதி வரும்வரை, 18 அங்குலத்துக்கு 14 அங்குலத் துண்டு ஒன்று மடியில் வைத்து எழுத நல்ல பலகை. இரண்டு துண்டுகளைக் குழல்கள் ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி அடுக்கி நான்கு மூலையிலும் கட்டினால் வளையவே வளையாது. மிஞ்சும் துண்டுகளை நாலு அங்குலச் சதுரமாக வெட்டி எழுத்து அட்டைகள் செய்து முன்பள்ளிக்குக் கொடுங்கள். வெள்ளைப் பக்கத்தில் கோடு கீறினால் தாயம் விளையாட ஒரு பலகை. மழை பெய்து வெளியே போக முடியாத நாளில் அதன் அருமை தெரியும்.

படிக்கும் இடத்தில் குப்பி விளக்கு இருந்தால் தகட்டை எட்ட வையுங்கள். குப்பி விளக்குச் சரிந்து எரிகாயப்பட்டவர்களுக்குச் சிகிச்சையளித்த சத்திர சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, சரியாத விளக்கொன்றைத் தானே வடிவமைத்தார். அதற்காக 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. குட்டையான கனத்த போத்தல், உருளாதபடி இரு பக்கமும் தட்டை, திருகி இறுக்கும் மூடி என்பதே அதன் அமைப்பு. மின்சாரம் வராத வீட்டில், தெருவில் பொறுக்கிய போத்தலில் திரி போடாமல் இப்படியான விளக்கைத் தேடி வாங்குங்கள்.

வளவுக்கு

கோழிக்குஞ்சுகள் குளிருக்கு மூலையில் ஒதுங்கி ஒன்றின்மேல் ஒன்று ஏறி நசிந்து செத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். மூலையே இல்லாமல் செய்துவிட்டால் இந்த இழப்புக் குறையும். குழல்கள் மேலும் கீழுமாக நிற்கும்படி ஒன்றரை அடி உயரம், நாலடி நீளத்தில் நான்கு துண்டுகள் வெட்டுங்கள். நுனியோடு நுனி மூன்று அங்குலம் மேற்படியக் கட்டி வட்டமாக நிறுத்துங்கள். ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலத்தில் குஞ்சுகளுக்கு ஒரு வட்டக் காப்பு ஆயிற்று. சூடு கொடுக்கும் மின்குமிழோ கரிச்சட்டியோ தகட்டில் முட்டாமல் நடுவில் இருக்கட்டும்.

மிளகாய், கத்தரி நாற்றுமேடைக்கு மத்தியான வெயிலையும் அடைமழையையும் மறைக்கச் சரிவாக ஒரு துண்டு வையுங்கள். காலையிலும் மாலையிலும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நாற்று வெளிறி நெடுத்துவிடும். புதிதாக வைத்த மாங்கன்றையும் தென்னம்பிள்ளையையும் ஆடு கடிக்காமல் இருக்க இரண்டடி உயரத்தில் சுற்றி நிறுத்தி, குச்சி நட்டுக் கட்டுங்கள். காற்றோட்டத்துக்கு அங்கங்கே துளை போடுங்கள்.

குடிதண்ணீர் ஏந்தவோ சமைத்த சாப்பாடு பரப்பவோ அச்சடித்த பலகையைப் பயன்படுத்த வேண்டாம். பயன்படுத்தாத தகட்டை முற்றத்தில் கிடையாகப் போடாதீர்கள். மாரிகாலத்தில் அதில் தேங்கும் தண்ணீரே நுளம்புக்குப் போதும். செங்குத்தாகச் சாத்தி வையுங்கள்.

கூரைக்கு வேறு தகடு

வெளிச்சம் புகும் நெளி பிளாஸ்டிக் தகட்டைப் பற்றியும் கேட்டீர்கள். அது கூரைக்கென்றே செய்தது. தகரக் கூரையின் நடுவில் ஒன்றைப் போட்டால் இருண்ட வீட்டுக்குப் பகல் முழுக்க வெளிச்சம். உங்கள் தகரத்தின் நெளியும் அதன் நெளியும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். நெளியின் மேட்டில் துளைத்து ஆணி அடியுங்கள். பள்ளத்தில் அடித்தால் ஒழுகும். வெயிலில் பிளாஸ்டிக் விரியும் என்பதால் துளை ஆணியை விடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். மேலே ரப்பர் வளையம் வையுங்கள். அதன்மேல் கால் வைக்கவே கூடாது. அடுப்புக்கு நேர் மேலேயும் போட வேண்டாம்.

தொடக் கூடாத பலகை

இது மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம்.

சிவப்பு நிறத்தில் மண்டையோட்டுக் குறியோடு நிற்கும் பலகையைக் கண்டிருப்பீர்கள். அது மிதிவெடி அபாயப் பலகை. நல்ல தகடாக இருக்கும், கட்டிய கம்பியும் குச்சியும் நாடாவும் வீட்டுக்கு உதவும் போலத் தோன்றும். கழற்றாதீர்கள். நீங்கள் ஒரு பலகையைக் கழற்றினால், நாளைக்கு விறகுக்குப் போகும் அயல்வீட்டு அம்மாவுக்கும் மாடு தேடிப் போகும் பிள்ளைக்கும் எல்லை எது என்று தெரியாது. விழுந்து கிடந்தாலும் எடுத்து நிமிர்த்தப் போகாதீர்கள். வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி வந்து கிராம அலுவலரிடமோ பொலிசிலோ மிதிவெடி அகற்றும் பணியாளர்களிடமோ சொல்லுங்கள்.

பற்றைக்குள்ளும் பழைய பதுங்குகுழிகளிலும் கிடக்கும் தகரம், தகடு, இரும்பு எதையும் பொறுக்கப் போக வேண்டாம். இலங்கை 2017 டிசெம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. ஆனாலும் வன்னி நிலத்தில் அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. துப்புரவு செய்து கையளிக்கப்பட்ட காணி எது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே காலை வையுங்கள். ஒரு தகட்டுக்காகக் காலைக் கொடுக்க முடியாது.

கடைசியாக ஒன்று. நொறுங்கத் தொடங்கிய தகட்டைக் குப்பையோடு எரிக்காதீர்கள். அந்தப் புகை பிள்ளைகளின் நெஞ்சுக்குக் கூடாது. பிளாஸ்டிக் சேர்ப்பவர்கள் வரும்போது கொடுங்கள். முக்கோணத்துக்குள் 5 என்ற இலக்கம் இருந்தால் அது இந்த வகைதான்.

இந்தக் கிழமை ஆவண உறையை மட்டும் செய்து முடியுங்கள். அளவு விளங்காதவர்கள் மாதர் சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள், சேர்ந்து வெட்டுவோம். மாரி தொடங்க முன்னம் இந்த ஊரில் எல்லா வீட்டிலும் ஓர் உறை தொங்க வேண்டும்.